சேர்மன் முத்திரையும் என் மூக்குக்கண்ணாடியும்

தோச்சினோ, நவம்பர் 6

அன்பு மகள் சிகுசாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் கொல்லையில் முட்டைக்கோசுகளும் சௌக்கியம். அங்கே நீயும் உன் முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள்? போன குளிருக்கு ஹெல்சிங்கி பனியில் வழுக்கி விழுந்தாயே, அந்த முழங்காலைத்தான் கேட்கிறேன். இங்கே மலை உச்சியில் போன வாரமே முதல் பனி விழுந்துவிட்டது. உனக்குப் பின்னி அனுப்பின வயிற்றுப்பட்டையைக் கட்டிக்கொள்கிறாயா, இல்லை வழக்கம்போல அலமாரிக்குள் அதற்குக் குளிராமல் பத்திரமாக வைத்திருக்கிறாயா? வயிறு சூடாக இருந்தால் பாதி நோய் வராது. வெளியே தெரியாது, உள்ளே கட்டிக்கொள். அப்புறம் இன்னொன்று. போன மாதம் நீ போட்ட கடிதத்தில் மறுபடியும் தோச்சினோ ஊர் என்றே விலாசம் எழுதியிருக்கிறாய். மார்ச் முப்பத்தொன்றோடு அந்த ஊர் முடிந்துவிட்டது என்று எத்தனை தடவை சொல்வது? இப்போது நாம் மிசுஹாரா மாநகரம். வாசலில் நின்று பார்த்தால் நம் மாநகரத்தில் தெரிவது இரண்டு கோசுத் தோட்டமும் ஒரு காட்டுப்பன்றி வேலியும்தான், ஆனாலும் மாநகரம். தபால்காரர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, உன் உறையை மட்டும் துக்க வீட்டில் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் கொடுத்துத் தலையைக் குனிந்துவிட்டுப் போனார்.

அப்பாவைச் சௌக்கியம் என்று எழுதினேன் அல்லவா, அது உடம்பைப் பற்றி மட்டும். மற்றதைச் சொல்கிறேன் கேள். இருபது வருஷம் சேர்மனாக இருந்த மனிதர், சேர்மன் பதவி போய் ஏழு மாதம் ஆகியும் காலை ஆறரைக்கு எழுந்து டை கட்டிக்கொள்கிறார். டை கட்டிக்கொண்டு கோசுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். கடைக்குப் போகலாம் வாருங்கள் என்று கூப்பிட்டால் நேராகப் போய் நம் சின்னக் காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவை யாராவது சாத்துவார்கள் என்று காத்திருக்கிறார். இருபது வருஷம் ஆபீஸ் கார், டிரைவர் என்று பழகின உடம்பு, என்ன செய்வது. முதல் மாதம் சிரித்தேன். இரண்டாம் மாதம் திட்டினேன். இப்போது பேசாமல் கதவைச் சாத்திவிட்டு ஓட்டுகிறேன். பாலத்துப் பக்கம் நின்றிருந்த ஒரு வெளியூர்க்காரர் என்னை டாக்ஸி என்று நினைத்துக் கை காட்டினார். அதற்கு உன் அப்பா பின்னாலிருந்து, “ஆள் இருக்கு” என்று கை அசைத்தார்.

சிரிக்காதே. உள்ளுக்குள் அவருக்கு ஒரு வலி இருக்கிறது, அது உனக்கும் தெரியும். மிசுஹாராவோடு சேர்ந்தே ஆக வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் அவர்தான். பள்ளிக்கூடத்தில் ஆறே பிள்ளைகள், ஆஸ்பத்திரியில் டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள், வேறு வழி யாருக்குத் தெரிந்தது? ஆனாலும் பாதி ஊர் அவரை ஊரை வித்த ஆள் என்றது. எதிர்வீட்டு டோஃபு கடை ஒகிட்சு அம்மாள் இரண்டு வருஷமாக அவரிடம் பேசுவதே இல்லை. கடைக்குப் போனால் டோஃபு கொடுப்பாள், ஆனால் மூலை உடைந்த கட்டியாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுப்பாள். இரண்டு வருஷமாக நம் வீட்டு சூப்பில் நான்கு மூலை உள்ள டோஃபுவே கிடையாது. ஊர் முடிகிற விழாவில் எல்லாரும் கொடியைப் பார்த்து அழுதார்களே தவிர, அப்பாவைப் பார்த்து ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல், நான் சரியாத்தான் செஞ்சேனா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நான் அடுப்பில் மீன் கருகுகிறது என்று எழுந்து போய்விட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

இனிமேல் நான் சொல்லப் போவதை நீ உட்கார்ந்துகொண்டு படி. விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் உன் அப்பா சேர்மன் முத்திரையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆபீஸ் பெட்டகத்தை விட்டு அது வெளியே வரவே கூடாது என்பது அவரே இருபது வருஷம் மற்றவர்களுக்குச் சொன்ன சட்டம். அதைத் தன் டிபன் பாக்ஸில் வைத்து, மேலே ஊறுகாய் போட்ட ஒரு கோசு இலையைப் போட்டு மூடிக்கொண்டு வந்தார். முப்பது வருஷத்துச் சிவப்பு மை அதன் முகத்தில் அப்பிக் கிடந்தது. அழுக்கு முகத்தோட இன்னொரு வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று, பொண்ணைக் கட்டிக் கொடுக்கிறவர் மாதிரி உட்கார்ந்து பல் துலக்குகிற பிரஷால் தேய்த்தார். அது பழைய பிரஷ் இல்லை, என் பிரஷ் என்று மறுநாள் காலை என் உதட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அவர் தேய்க்கிற அழகைப் பார்த்துவிட்டு நானும் என்னுடைய முத்திரையை நீட்டினேன். என்னுடையது எது என்று நினைவிருக்கிறதா? நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஓய்வு பெற்றபோது பெற்றோர்கள் சேர்ந்து செய்து கொடுத்தது, பிள்ளைகள் நோட்டில் குத்துகிற முத்திரை, செர்ரிப் பூ போட்டு நடுவில் மிக மிக நன்றாகச் செய்தீர்கள் என்று இருக்குமே, அது. ஊரில் முத்திரை செதுக்குகிறவர் ஒரே ஒருத்தர், அவரிடம் இருந்தது ஒரே அளவு மரம், அதனால் சேர்மன் முத்திரையும் டீச்சர் முத்திரையும் ஒரே மரம், ஒரே உயரம், ஒரே சதுரம். இரண்டையும் தேய்த்துச் செய்தித்தாள் மேல் காய வைத்தார். காலையில் அவர் குளியலறையில் சத்தமாக விழாப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே, முத்திரையைச் சுத்திப் பெட்டியில வை நொபுயோ என்று குரல் கொடுத்தார். நானும் ஊதாத் துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து, கயிறு கட்டி வைத்தேன். கண்ணாடி போடாமல்.

ஆமாம், போடவில்லை. தூரத்தில் இருப்பதெல்லாம் எனக்குப் பருந்துக்குத் தெரிகிற மாதிரி தெரியும், கிட்டே இருப்பதுதான் கலங்கல். கண்ணாடி போட்டால் அச்சு அசல் உன் அப்பாவைப் பெற்ற மாமியார் மாதிரியே இருக்கிறேன், அந்த முகத்தைக் கண்ணாடியில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. விழாவில் பெட்டியை யாரும் திறக்கவில்லை. கட்டிய கயிற்றோடு அப்பா நீட்டினார், மாநகரத்து மேயர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், பாண்டு வாசித்தார்கள், எல்லாரும் அழுதார்கள். வீட்டில் மிச்சம் இருந்த முத்திரையை நான் என்னுடையது என்று எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சமுதாயக் கூடத்தில் நான் நடத்துகிற தூரிகை எழுத்து வகுப்பு உனக்குத் தெரியும். எழுபது வயதுக்குக் குறைந்தவர் ஒருவரும் கிடையாது. ஆனால் அந்தப் பூ முத்திரைக்காக அவர்கள் போடுகிற போட்டியை நீ பார்க்க வேண்டும். முடிதிருத்தும் கடை ததேவாகி, எண்பத்து நான்கு வயது, போன வருஷம் ஒரு தடவை தனக்குப் பூ கிடைக்கவில்லை என்று இரண்டு வாரம் வகுப்புக்கு வராமல் கோபித்துக்கொண்டார். இந்த ஏப்ரலிலிருந்து அவர்கள் முகத்தில் ஒரு மாற்றம். நான் வீட்டுக்கு எடுத்துவந்து முத்திரை குத்தி, அடுத்த வகுப்பில் திருப்பிக் கொடுத்தால் குழந்தைகள் மாதிரி குதிக்கிறவர்கள், காகிதத்தைப் பார்த்துவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, ரொம்ப பணிவாகக் குனிந்து, ஒரு வார்த்தை பேசாமல் மடித்து வைத்துக்கொண்டார்கள். வயதாகிறது, பக்குவம் வந்துவிட்டது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன், பார்.

போன செவ்வாய்க்கிழமை ததேவாகி நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்பா கொல்லையில் டையோடு இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, என்னிடம் கிசுகிசுத்தார். “டீச்சர், நான் அறுபது வருஷமா கத்தி புடிக்கிறவன். பேசாம முடி வெட்டுன்னா நான் எப்படி வெட்டுவேன்? வர்றவன் எல்லாம் சுவத்துல அந்தக் காகிதத்தைப் பாக்குறான், சேர்மன் முத்திரையைப் பாக்குறான், கப்புன்னு வாயை மூடிக்கிறான். மீன்கடைக்காரன் பையனுக்கு எங்கேயோ பொண்ணு நிச்சயம் ஆயிருக்காம், எங்கேன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல. நெஞ்சை அடைக்குது டீச்சர். அய்யாகிட்ட சொல்லி அந்த உத்தரவை வாபஸ் வாங்கச் சொல்லுங்க” என்று கண்ணில் தண்ணீர் விடாத குறை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என்ன உத்தரவு, எந்தக் காகிதம் என்றேன். கோட்டுப் பையிலிருந்து எடுத்து விரித்தார். மே மாதத்தில் நான் எழுதக் கொடுத்த சொல், அமைதி. அவர் எழுதினதிலேயே அதுதான் நன்றாக வந்தது, அதனால் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறார், எனக்குக் காட்டத்தான் கழற்றி எடுத்துவந்தாராம். பெரிதாக அமைதி என்று எழுதி, கீழே சிவப்பாக ஒரு சதுரம். ஐந்து மாதமாக அந்தக் கடையில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லையாம். கிழித்து எறியலாம் என்றால் முத்திரைக்கு மரியாதை குறைவு என்று இவருக்குப் பயம்.

நான் உள்ளே போய்க் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வந்து பார்த்தேன். தோச்சினோ ஊர் சேர்மன் என்று எட்டூருக்குத் தெரிகிற மாதிரி இருந்தது. பூவும் இல்லை, நன்றாகச் செய்தீர்களும் இல்லை. செருப்பு அலமாரியைப் பிடித்துக்கொண்டேன் சிகுசா. இது எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டேன். “ஊருக்கே தெரியும் டீச்சர். பாவம் அய்யா, இருபது வருஷம் முத்திரை குத்தின கை, சும்மா இருக்க முடியல, சம்சாரம் மனசு இளகி எங்க காகிதத்துல குத்திக்கோங்கன்னு விட்டிருக்காங்கன்னு பேசிக்கிட்டோம். அவர் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு எல்லாரும் வாயைக் கட்டிக்கிட்டோம்” என்றார். ஏழு மாதம்! எழுபது வயதுக்கு மேல் பதினோரு பேர், ஒருத்தருக்குமா கேட்கத் தோன்றவில்லை? வேறு எந்த ஊராக இருந்தாலும் இரண்டாம் நாளே யாராவது கேட்டிருப்பார்கள். நம் ஊரில் மரியாதை தாங்க முடியாது.

அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. ஏப்ரலிலிருந்து வகுப்புக்காரர்கள் ஒவ்வொருத்தராக அப்பாவைத் தேடி வந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தர் நாய்க்குட்டிக்குப் பெயர் வைக்கணும், அய்யா ஒப்புதல் வேணும் என்று வந்தார். அப்பா மூன்று நாள் யோசித்து, நாயை நேரில் வரவழைத்துப் பார்த்து, இரண்டு பெயரில் ஒன்றை நிராகரித்து அனுப்பினார். இன்னொருத்தர் வேலியை அரை அடி தள்ளிப் போடலாமா என்று வரைபடத்தோடு வந்தார். வேலி அவர் கொல்லைக்கு நடுவே இருக்கிறது, இரண்டு பக்கமும் அவர் நிலம்தான். அப்பா அளவு நாடாவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பாவப்பட்டு வேலை கொடுத்திருக்கிறார்கள். அப்பாவோ, பதவி போனாலும் ஜனங்க நம்பிக்கை போகல பார் என்று என்னிடம் பூரித்துப் போனார். இதை இப்போது நான் அவரிடம் எந்த வாயால் சொல்வேன்?

அதோடு போனால் பரவாயில்லை. வருகிற பத்தாம் தேதி அந்தப் பெட்டியைத் திறக்கப் போகிறார்கள். நம் பழைய ஊர் அலுவலகம் இப்போது மாநகரத்தின் கிளை அலுவலகம் அல்லவா, அங்கே மாடியில் ஒரு நினைவு அலமாரி வைக்கிறார்களாம், மேயர் அரிமட்சுவே வந்து பெட்டியைத் திறந்து கடைசி முறையாக முத்திரை குத்தி, அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டப் போகிறாராம். அப்பாவுக்கு அழைப்பிதழ் வந்த நாளிலிருந்து சூட்டைத் தேய்த்துத் தேய்த்து முழங்கை பளபளக்கிறது. அந்தப் பெட்டியில் முத்திரை இல்லை என்று தெரிந்தால் என்ன ஆகும்? நாற்காலியை விட மனமில்லாமல் ஒளித்து வைத்துக்கொண்டார், அதுதான் ஏழு மாதமாகக் குத்திக்கொண்டிருக்கிறாரே, பதினோரு காகிதம் சாட்சி இருக்கிறதே என்பார்கள். ஊரை வித்தவர் என்ற பெயர் போதாது என்று முத்திரை திருடினவர் என்றும் ஆகிவிடும். ஒரு பேனாவைக்கூட ஆபீஸிலிருந்து கொண்டுவராத மனிதர்.

புதன்கிழமை நான் மொகியைப் போய்ப் பார்த்தேன். அப்பாவிடம் இருபது வருஷம் குமாஸ்தாவாக இருந்தாரே, வியர்த்துக்கொண்டே இருப்பாரே, அவர்தான் இப்போது கிளை அலுவலகத் தலைவர். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்ததும், “டீச்சர், நான் எதையும் கேக்கல, எனக்கு மூணு நாளா காது சரியில்ல” என்றார். காது சரியில்லாதவருக்கு முழுவதையும் இரண்டு தடவை சொன்னேன். கைக்குட்டையைப் பிழிந்து பிழிந்து துடைத்துக்கொண்டு, பெட்டி மாநகர அலுவலகத்தில் இருக்கிறது, பத்தாம் தேதி காலையில்தான் வரும், வந்ததும் தேநீர் கொடுக்கிற சாக்கில் கூட வருகிற அதிகாரியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு போகிறேன், நீங்க தூசி தட்டுற மாதிரி மாத்திடுங்க என்று ஒரு வழி சொன்னார். இதுதான் இன்றைய நிலைமை. அப்பா கொல்லையில் பேச்சு ஒத்திகை பார்க்கிறார், கோசுகள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. இதோடு நிறுத்திக் கடிதத்தை மடித்து வைக்கிறேன், எப்படியும் முடிவு தெரியாமல் தபாலில் போட எனக்கு மனசு வராது.

நவம்பர் 11

பிரித்துத் தொடர்ந்து எழுதுகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், அது ஏன் என்று கடைசியில் தெரியும். நேற்றுக் காலையில் முத்திரையை ஊதாத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அப்பாவைப் பின் சீட்டில் ஏற்றிக் கதவைச் சாத்தி, ஒன்பதரைக்கே போய்ச் சேர்ந்தேன். பெட்டி வந்திருந்தது. கூட வந்த அதிகாரி வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு அதைப் பச்சைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மொகி தேநீரோடு போனார். முழுவதையும் தன் பேண்டிலேயே கொட்டிக்கொண்டார். அந்த அதிகாரி நல்ல பையன், பதறி எழுந்து துடைக்க வந்தான், ஆனால் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே வந்து துடைத்தான். நான் போய், முடிச்சு தளர்ந்திருக்கு, சரி பண்ணித் தரட்டுமா என்று கேட்டேன். எல்லார் முன்னாடியும் பிரிக்கணும்னு உத்தரவு அம்மா என்றான். தூசி தட்டட்டுமா என்றேன், தட்டிட்டேன் என்றான். எடுத்துப் போய் அலமாரியில வைக்கட்டுமா என்றேன். இந்த முறை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அதற்குள் ஜனங்கள் மாடிப்படி ஏறி வர ஆரம்பித்துவிட்டார்கள்.

கூட்டம் என்றால் கூட்டம். வகுப்புக்காரர்கள் பதினோரு பேரும் இரண்டாம் வரிசையில் வரிசையாக உட்கார்ந்து, அப்பாவின் முதுகைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒகிட்சு அம்மாள்கூட வந்து ஓரமாக நின்றாள். அப்பா முதல் வரிசையில், சட்டையில் காகிதப் பூ குத்திக்கொண்டு, முழங்காலில் கை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மேயர் அரிமட்சு சின்ன வயசு, நாற்பதுகூட இருக்காது, ரொம்ப மரியாதையாகப் பேசினார். பிறகு கயிற்றில் கை வைத்தார். அது அவிழவில்லை. நான் டிபன் பாக்ஸ் துணிக்குப் போடுகிற முடிச்சு அது, நம் வீட்டுக்காரர்களைத் தவிர யாருக்கும் அவிழ்க்கத் தெரியாது. அப்பா எழுந்து போய் இரண்டு விரலால் அவிழ்த்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். உட்காரும்போது திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

மேயர் துணியைப் பிரித்தார். முத்திரையின் முகத்தைப் பார்க்கவே இல்லை, கையுறைக்காரன் நீட்டின சிவப்பு மையில் தோய்த்து, வெள்ளைக் காகிதத்தின் நடுவில் வைத்து, உடம்பு முழுவதையும் சாய்த்து அழுத்தினார். எடுத்தார். படித்தார். மறுபடியும் படித்தார். என் பக்கத்தில் மொகி சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். மேயர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மன்னிக்கணும், இது... தோச்சினோ வழக்கமா?” என்று பணிவாகக் கேட்டு, காகிதத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிக் காட்டினார். தூரத்தில் இருந்ததால் எனக்கு நன்றாகவே தெரிந்தது. செர்ரிப் பூ, நடுவில், மிக மிக நன்றாகச் செய்தீர்கள்.

அப்பாவின் பிடரி சிவந்துகொண்டே போவதை நான் பின்னாலிருந்து பார்க்கிறேன். போச்சு, என் ஒருத்தி கையால் இந்த மனிதர் மானம் போச்சு, எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு எழுவதற்குள், இரண்டாம் வரிசையிலிருந்து ததேவாகி எழுந்து, ஐந்து மாதம் கடையில் பேசாமல் சேர்த்து வைத்த குரல் முழுவதையும் திறந்துவிட்டார். “இது அநியாயம் டீச்சர்! ஏழு மாசமா எங்க ஒருத்தருக்கும் குடுக்காத பூவை இவருக்காக எடுத்து வச்சிருந்தீங்களா!” என்று கத்தினார். யாரோ ஒருத்தர் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே ஓரத்திலிருந்து ஒகிட்சு அம்மாள் கை தட்ட ஆரம்பித்தாள். தனியாக, தாம்பாளம் தட்டுகிற மாதிரி. தட்டிக்கொண்டே, “சொல்ல வேண்டியதுதானே. நாங்க ஒருத்தரும் சொல்லல, டீச்சராவது சொன்னாங்களே” என்றாள். அவ்வளவுதான், கூடம் முழுக்கக் கை தட்டல். பாதி பேர் அழுதார்கள். இந்தத் தடவை கொடியைப் பார்த்து இல்லை.

எனக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ, நேராக முன்னால் நடந்து போய், கைப்பையிலிருந்து ஊதாத் துணியை எடுத்து மேயர் கையில் வைத்து, “அசல் முத்திரை இங்கே இருக்குங்க” என்றேன், என்னமோ இதெல்லாம் மாதக்கணக்கில் திட்டம் போட்டுச் செய்த மாதிரி. மேயர் அப்படியே இடுப்பு மடங்க வணங்கினார். இரண்டு முத்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டு, பூ குத்தின காகிதத்தை இரண்டு கையாலும் எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். அப்பா வாங்கிக்கொண்டார். அத்தனை நாள் கோசுகளிடம் ஒத்திகை பார்த்த பேச்சில் ஒரு வரி பேசவில்லை, கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். மொகியை இரண்டு பேர் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தேநீர் கொட்டின பேண்டோடு அவர்தான் எல்லாரையும்விட அதிகமாகக் கை தட்டினார்.

வீட்டுக்குக் கிளம்பினோம். நான் வழக்கம்போலப் பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், உன் அப்பா சுற்றிக்கொண்டு போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அதோடு சண்டை போட்டார், நான்தான் மாட்டிவிட்டேன். பாலம் தாண்டினதும், “வேணும்னேதான் செஞ்சியா?” என்றார். ஆமாம் என்றேன், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல். ம் என்றார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினதும் அவர் இறங்கவில்லை. என் கைப்பையை எடுத்துத் திறந்து, உள்ளே கிடந்த கண்ணாடியை எடுத்து, தன் டையால் துடைத்து, என் மூக்கில் மாட்டிவிட்டார். மாமியார் மூஞ்சி வருமே என்று நான் திரும்பிக்கொண்டேன். அவர் விடவில்லை. அந்தக் காகிதத்தை என் முகத்துக்கு நேரே பிடித்து, “இப்போ கிட்டத்துல பாத்துப் படி” என்றார். படித்தேன். மிக மிக நன்றாகச் செய்தீர்கள். “இன்னொரு தடவை” என்றார். படித்தேன். “மீன் ஒண்ணும் கருகலையே, மெதுவாவே படி” என்றார். மூன்றாம் தடவை ஒரு எழுத்து விடாமல், வகுப்பில் படிக்கிற மாதிரி உரக்கப் படித்தேன்.

இன்று காலையில் டோஃபு வந்தது. ஒகிட்சு அம்மாளே கொண்டுவந்து கொடுத்தாள். நாலு மூலையும் இருந்தது. அப்பா வெட்ட விடாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீயும் உடம்பைப் பார்த்துக்கொள், பனியில் நடக்கும்போது கையைக் கோட்டுப் பையில் விடாதே, வழுக்கினால் ஊன்றக் கை வேண்டும். போனில் அப்பாவிடம் இதைப் பற்றிச் சிரிக்காதே, அவர் சிரித்தால் மட்டும் சிரி. ததேவாகி தனக்கும் பூ வேண்டும் என்று புது முத்திரை செய்யச் சொல்லி நச்சரிக்கிறார், அதுவரை சிவப்புப் பென்சிலால் வரைந்து கொடுக்கிறேன். உனக்கும் ஒன்று கீழே வரைந்திருக்கிறேன், அத்தனை தூரத்தில் தனியாக இருந்து சமாளிக்கிறாயே, அதற்கு. நீ எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் தினமும் வேண்டிக்கொள்கிறோம். விலாசம் மிசுஹாரா மாநகரம், மறக்காதே. வயிற்றுப்பட்டையைக் கட்டிக்கொள்.

இப்படிக்கு, கண்ணாடி போட்டுக்கொண்டு,
உன் அம்மா நொபுயோ